கரண்ட் இல்லாத நாளில் எடுத்த ரீடிங்

இன்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. உனக்குத்தான் தெரியுமே, நம் தெருவில் கரண்ட் போனால் கண்ணை விடக் காதுக்குத்தான் முதலில் தெரியும். அத்தனை வீட்டு விசைத்தறியும் ஒன்றாக நிற்கும். அப்புறம் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்பது வரைக்கும் கேட்கும். அந்த அமைதியில்தான் பையிலிருந்து நீ கொடுத்த டார்ச்சை எடுத்தேன். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அதன் பித்தளை முனையைத் துடைத்தேன். பொத்தானை அமுக்கினேன். 'டிக்' என்றது.

அந்த ஒரு சத்தம் போதும், உன் மேல் எனக்குக் கோபம் வர. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கோபம் ஒரு துளி குறையவில்லை. எல்லோரும் சொல்கிறார்கள், மனசில் உள்ளதை எழுதிப் பார், அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுது, பாரம் இறங்கும் என்று. நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? சண்டை போடத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு சண்டையிலாவது என்னை ஜெயிக்க விட்டிருக்கிறாயா? இதில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கேள்.

முதலில் டார்ச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். காலேஜில் மூன்றாம் வருஷம், நாங்கள் மூன்று பேர் ஒரு புராஜெக்ட் தேடி அலைந்துகொண்டிருந்தோம். நான், கடையநல்லூர் ரஹ்மத் நிஷா, குருவிகுளம் பேச்சிமுத்து. உன்னைச் சர்க்கரை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போன ஒரு நாள்தான் அது அகப்பட்டது. அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் பச்சைத் தண்ணீரும் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவர் பாதத்திலும் மாற்றி மாற்றித் தொட்டு, 'இது சூடா, குளிர்ச்சியா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு கெடும்போது பாதத்தில் சூடு தெரிவது சீக்கிரமே போய்விடுமாம். 'பத்தாவது ஆள் வரதுக்குள்ள வெந்நி ஆறிப் போயிருதும்மா. எஞ்சினியருக்குத்தான படிக்க, இதுக்கு ஏதாவது பண்ணேன்' என்றார். அன்று கூட்டம் அதிகம். உன் முறை வருவதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய். அன்றைக்கு உன்னைப் பிடித்து உட்கார வைக்காமல் போனேன்.

வீட்டுக்கு வந்து நான் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. 'என்னட்டி, ஊர்ப் பொம்பளைகளுக்கெல்லாம் சூடு போடப் போறியா?' அன்றிலிருந்து கடைசி வரைக்கும் அதற்கு நீ வைத்த பெயர் சூட்டுக்கோல். ரிப்போர்ட்டில் அரைப் பக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். தெருவில் எல்லோருக்கும் சூட்டுக்கோல்தான்.

உள்ளே வைக்கிற சாமானெல்லாம் சேர்ந்துவிட்டது. கையில் பிடிக்கிற கூடுதான் கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பார்த்தோம், பிவிசி குழாயில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் கைக்கு அடங்கவில்லை. நீதான் பரணில் கிடந்த, மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச்சை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாய். 'உங்கப்பா வயக்காட்டுக்குக் கொண்டு போனது. அவுஹளும் இல்ல, இதுக்கும் வேலை இல்ல. இதுக்குள்ள வச்சிப் பாரு, பிடிக்க வாட்டமா இருக்கும்.' கண்ணாடி இருந்த இடத்தில் பேச்சிமுத்து கடைந்துகொண்டு வந்த பித்தளை வில்லை கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு ரூபாய்க் காசு அளவு வில்லை. பாதத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினால் உடம்புச் சூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இளஞ்சூடு தெரிந்ததும் சோதனைக்கு வந்தவர் தன் கையில் உள்ள மணிப் பொத்தானை அமுக்க வேண்டும். எந்தச் சூட்டில் அமுக்கினார் என்பது ரீடிங். கடைசி வரை அமுக்காவிட்டால், தோல் பொசுங்குவதற்கு முன்னால் அதுவே நின்று சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் மிஷின். சூடு ஏற ஆரம்பிக்கும்போது உள்ளே இருக்கிற ரிலே சுவிட்ச் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. காலேஜ் லேபில் இரண்டு ஃபேன் கடகடவென்று ஓடும். அங்கே டிக் என்ன, டமார் என்று விழுந்தாலே கேட்காது.

இப்போது உன் காதுக்கு வருகிறேன். இருபது வருஷம் தறியில் நின்றவள், தறி உன் காதைத் தின்றுவிட்டது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் 'ஆங்? என்னது?' என்பாய். சித்தி உன்னிடம் பேசுவதென்றால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். ஆனால் எனக்குத் தெரியும். எட்டுத் தறி ஓடுகிற செட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிக்கும்போதே, 'மூணாந் தறியில ஊடை அந்துட்டு' என்று சொல்லிவிட்டு எழுந்து போவாய். போய்ப் பார்த்தால் குறுக்கு நூல் அறுந்திருக்கும். வேண்டாத பேச்சு மட்டும்தான் உனக்குக் கேட்காது. எனக்கு இது தெரிந்திருந்தும் அன்றைக்கு மண்டையில் உறைக்கவில்லை. என்ன படித்து என்ன.

அந்த நாள் தை மாதத்துப் பராமரிப்பு நாள். எங்களுக்குத் தறிக்காரப் பெண்கள் வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்கள், அதில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. மற்ற நாளில் தறியை விட்டு ஒருத்தியையும் வெளியே கூப்பிட முடியாது. கரண்ட் இல்லாத நாள்தான் அவர்களுக்கு லீவு. மிஷினும் பேட்டரியில் ஓடுவது. 'இதவிடத் தோதான நாள் கிடைக்காது' என்று பேச்சிமுத்து குதித்தான். நம் வீட்டு நடையில் பாயை விரித்து, ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, காலை அந்தப் பக்கம் நீட்ட வைத்தோம். கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதாம். அத்தனை ஜாக்கிரதை. கண்ணை மறைக்கத் தெரிந்த மூன்று எஞ்சினியர்களுக்குக் காதை மறைக்கத் தெரியவில்லை.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். நீதான் முதல் ஆள். முதல் தடவை வைத்தபோது நீ அமுக்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். அவள், 'மொதல்ல அப்படித்தான் இருக்கும், பழகலேல்லா' என்றாள். சரி என்று அந்த ரீடிங்கைப் பழக்கத்துக்கு எடுத்தது என்று அடித்துவிட்டோம். அதற்கப்புறம் பத்துத் தடவை வைத்தோம். பத்தும் ஒரே அளவு. கொஞ்சம்கூட மாறவில்லை. லேபில் எங்கள் வகுப்புப் பையன்களிடம் எடுத்த ரீடிங் தடவைக்குத் தடவை ஏறி இறங்கும். உன்னுடையது மட்டும் கோடு போட்ட மாதிரி இருந்தது. நீ சேலைக்கு மேலே தலையை எட்டி, 'என்ன மக்கா, மிஷின் பாஸா?' என்று கேட்டாய். நான் பெருமையாக, 'பாஸும்மா' என்றேன்.

ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம். பெயர், தேதி, பாத உணர்ச்சி: நார்மல். கீழே எங்கள் மூன்று பேர் கையெழுத்து. டாக்டர் பட்டம் வாங்கிய மாதிரி எங்களுக்கு ஒரு தோரணை. பன்னிரண்டு பேருக்கும் நார்மல்.

அந்தச் சீட்டை நீ எங்கே வைத்திருந்தாய் என்று நினைவிருக்கிறதா? சாமி படத்துக்குப் பின்னால், ரேஷன் கார்டோடு. அடுத்த மாதம் டாக்டரம்மா காலைக் காட்டச் சொல்லியிருந்தாரே, போவோம் என்றேன். 'எதுக்குட்டி? என் மவ மிஷினே சொல்லிட்டு, பெறவு அவங்க என்னத்தச் சொல்லப் போறாங்க?' என்றாய். நானும் விட்டுவிட்டேன். மாசியில் ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைக் காலில் செருப்போடு வந்து நின்றாய். இன்னொன்று தெருமுனையில் கிடந்தது. கழன்று விழுந்ததே உனக்குத் தெரியவில்லை. நாம் இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தோம். 'கோட்டிக்காரி ஆயிட்டேன் போ' என்றாய். அப்போதாவது எனக்கு உறைத்ததா? சீட்டில் நார்மல் என்று இருக்கிறதே. எழுதியவள் நான் அல்லவா.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியாது. கோயிலில் கூட்டம். உச்சி வெயிலில் வெளிப்பிரகாரத்துக் கல் அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாகக் கிடந்தது. கயிற்றுப் பாய் விரித்திருந்த இடத்தில் ஆள் நெரிசல். நீ பாயை விட்டு இறங்கிக் கல்லில் நடந்தாய். ஆற அமர, கையில் அர்ச்சனைத் தட்டோடு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. உன் பின்னால் நான் ஒரு காலை வைத்து ஒரு காலை எடுத்துத் துள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்து, 'என்னட்டி, டான்ஸ் ஆடுத?' என்றாய். ஒரு வயசான அம்மா, 'பக்தின்னா இதுல்லா பக்தி' என்று உன்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுச் சிமென்ட் தரையில் உன் காலடி ஈரமாகப் பதிந்திருந்தது. குளித்துவிட்டு வந்திருப்பாய் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் அதே தடம். உன் காலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் கொப்பளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டு, 'அட, இது எப்பம்?' என்றாய். யாரோ ஒருத்தியின் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய்.

மறுநாள் டாக்டரம்மா அந்த இரண்டு கண்ணாடிக் குழாயையும் எடுத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே சந்தைக்கடைச் சத்தம். உன் முகத்துக்கு நேரே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்றை வைத்து, 'சூடா, குளிர்ச்சியா?' என்று கேட்டார். 'சூடு' என்றாய். அது பச்சைத் தண்ணீர். அடுத்ததையும் சூடு என்றாய். அதுவும் பச்சைத் தண்ணீர்தான். மூன்றாவதாக அவர் ஒன்றையுமே வைக்கவில்லை. 'இது குளிரு' என்றாய். டாக்டரம்மா துண்டை இறக்கிவிட்டு எழுதினார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. 'எங்க மிஷின்ல பத்துத் தடவையும் சரியாச் சொன்னாங்க டாக்டர்' என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன், அந்த அளவுக்கு எனக்கு அதன் மேல் ஆத்திரம்.

'டாக்டரம்மா, அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மிஷின் டிக்குங்கும்லா, அப்பம் தறி ஓட்டத்துல மூணு எண்ணி அமுக்கிருவேன். மொதத் தடவ நான் அமுக்கல, இவ மொகம் செத்துப் போச்சு. பெறவுதான் சத்தத்தக் கவனிச்சேன்.'

'எதுக்கும்மா அப்படிச் செஞ்ச?' என்று நான் கேட்டேன். 

'நீதான மிஷினச் சோதிச்சிப் பாக்கணும்னு சொன்ன. அது உன் பரிட்சைன்னுல்லா நெனச்சேன். அம்மையே பெயிலாக்குனா எப்படி?'

 அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன், கேள். அது என் பரிட்சை இல்லை, உன் கால். நீ அமுக்காமல் விட்ட அந்த முதல் ரீடிங் ஒன்றுதான் உண்மை. அதை நாங்கள் அடித்தோம். மற்ற பத்தையும் நீ பொய்யாகப் பின்னிக் கொடுத்தாய், கோடு போட்ட மாதிரி, ஒரு இழை பிசகாமல். இதில் நீ பாதி, நான் பாதி. என் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். உன் பாதியை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். செத்துப் போய்விட்டால் பங்கு குறைந்துவிடாது.

அடுத்ததெல்லாம் உனக்கே தெரியும். ஒரு விரல், அப்புறம் பாதி பாதம், அப்புறம் திருநெல்வேலி ஆஸ்பத்திரி, அப்புறம் ரத்தத்தில் கிருமி. வைகாசி முடியவில்லை, நீ இல்லை.

பதினாறாம் நாள் சித்தி வந்து உன் சாமான்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் டார்ச்சைப் பார்த்துவிட்டு, 'சவத்த இன்னுமா வீட்டுக்குள்ள வச்சிருக்க? பெத்தவளத் தின்ன மிஷினு. கொண்டு போயி கெணத்துல போடு' என்றாள். இரண்டு அத்தைகளும் ஆமாம் என்றார்கள். நான் டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். 'அது தின்னல. அதுக்குத் தெரியல. தெரியாததுக்குத் தெரிய வைக்கணும், கெணத்துல போடக் கூடாது' என்றேன். சித்தி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

காலேஜில் வேறு மாதிரி. ஆனி மாதம், நாங்கள் பெயர் கொடுத்திருந்த புராஜெக்ட் போட்டியின் கடைசிச் சுற்று, சென்னையில். எங்கள் மிஷின் தேர்வாகியிருந்தது. தேர்வானதே உன்னால்தான். ஒரே ஆளிடம் பத்துத் தடவை எடுத்தும் அளவு மாறவில்லை என்பதை எங்கள் புராஜெக்ட் கைடு பெரிய எழுத்தில் போட்டு அனுப்பியிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், நல்ல மனுஷன்தான், முகம் வாடிப் போனார். 'அம்மா ரீடிங்க மட்டும் எடுத்திருவோம்மா. மீதிப் பதினொண்ணு இருக்குல்லா. அது போதும்' என்றார். 'அந்தப் பதினொண்ணும் அதே நாள்ல, அதே அமைதியில எடுத்தது சார்' என்றேன். 'அதெல்லாம் இப்பம் கிளறாத. ஊர்ல பொம்பளைங்க பயந்துருவாங்க' என்றார்.

பேச்சிமுத்துக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது. அவன் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்தவன், ஒரு பரிசு இருந்தால் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசை. இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. சென்னைக்குப் போகிற ரயிலில்தான் வாயைத் திறந்தான். 'நீ என்ன சொல்லணுமோ சொல்லு. நான் ஸ்லைடு மாத்துதேன்.' அவ்வளவுதான் சொன்னான்.

மேடையில் ஏறி முதல் ஸ்லைடிலேயே உன் ரீடிங்கைப் போட்டேன். 'இது எங்கம்மா. பத்துத் தடவையும் ஒரே அளவு. எங்க மிஷின் இவங்களுக்கு நார்மல்னு சொல்லிச்சு. இவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சியே கிடையாது. போன மாசம் இறந்துட்டாங்க' என்றேன். எதிரே இருந்த நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இவ்வளவு எமோஷனலா வேண்டாமேம்மா. டெக்னிகலாப் பேசுங்க' என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 'சார், எங்கம்மா போனது எமோஷன். அத நான் வீட்டுல வச்சிக்கிடுதேன். பத்து ரீடிங்கும் பொய்ங்கறது டெக்னிகல். அதச் சொல்லத்தான் வந்தேன்' என்றேன். ரிலே சத்தத்திலிருந்து நாங்கள் அடித்துவிட்ட முதல் ரீடிங் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பரிசு வேறு யாருக்கோ போனது. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கேற்புச் சான்றிதழ். திரும்பி வரும்போது ரஹ்மத் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து மூன்று பேருக்கும் வைத்தாள். நாங்கள் பசியோடு சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் சோறு இறங்கியது.

ஊருக்கு வந்து தெருவில் இறங்கினேன். பதினொரு சீட்டையும் திரும்ப வாங்க வேண்டும். நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். கொடுத்த சீட்டைத் திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள்? ஒருத்தி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். ஒருத்தி, மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் 'எனக்குச் சர்க்கரை இருந்தாலும் கால் நல்லாயிருக்கு' என்று காட்டியிருக்கிறாள். தறி செட்டு நடத்துகிற அண்ணாச்சி என்னை வாசலிலேயே நிறுத்தினார். 'ஏம்மா, அன்னைக்கு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்ததும் நீதான், இன்னைக்கு இல்லங்கதும் நீதானா? வெளையாட்டா இருக்கா?' என்றார். 'அன்னைக்குத்தான் வெளையாட்டு அண்ணாச்சி. தெரியாம வெளையாடிட்டோம். எங்கம்மையக் குடுத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்' என்றேன். அவர் வழியை விட்டார். ஒவ்வொருத்தி கண் முன்னாலும் சீட்டைக் கிழித்தேன். 'திரும்பச் சோதிப்போம், அது வரைக்கும் செருப்பில்லாம நடக்காதீங்க, டாக்டரம்மாகிட்ட காலக் காட்டுங்க' என்று வீடு வீடாகச் சொன்னேன். பத்துச் சீட்டு வந்துவிட்டது. பாக்கியம் அக்கா மட்டும், 'போ பிள்ள, எங்கால் எனக்குத் தெரியும்' என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மிஷினைத் திருத்துவது அதைவிடப் பெரிய ரோதனை. பேச்சிமுத்து ரிலேயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சத்தமே வராத வேறு சுவிட்ச் வைத்தான். தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. இப்போது வந்தவர்கள் சேலைக்கு மேலே என் முகத்தைப் பார்த்தார்கள். பொத்தானை அமுக்கும்போது என் புருவம் லேசாக ஏறுகிறதாம். அதைப் பார்த்து அமுக்கினார்கள். முகத்தைத் திருப்பினால் ரஹ்மத்தின் பேனாவைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் யாரும் மிஷினை ஏமாற்ற வரவில்லை. பாஸ் ஆகத்தான் வருகிறார்கள். கால் மரத்துவிட்டது என்று தெரிந்தால் தறியில் நிற்க விடமாட்டார்கள், மருமகள் ஒரு மாதிரி பார்ப்பாள், மகள் முகம் செத்துப் போகும். பாஸாவதற்கு எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வழியாகக் கேட்பார்கள்.

அதனால் ரிலேயைத் திரும்ப வைத்தேன். கைடு, 'சத்தம்தான வினையே, மறுபடியும் அதையே வைக்கியே?' என்றார். வைத்தேன். ஆனால் இப்போது அது இரண்டு விதமாக டிக் என்கிறது. சில சமயம் டிக் என்றால் சூடு ஏறும். சில சமயம் டிக் என்னும், சூடு ஏறாது. சில சமயம் சத்தமே போடாமல் சூடு ஏறும். எது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. மிஷின்தான் குலுக்கிப் போடுகிறது. காதை நம்பி அமுக்குகிறவர்கள் காலிச் சத்தத்தில் மாட்டிக்கொள்வார்கள். புரோகிராமில் அந்தக் காலிச் சத்தம் வருகிற பகுதிக்கு ரஹ்மத் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். 'அம்மா' என்று. நான் மாற்றச் சொல்லவில்லை.

பத்துப் பேரையும் போன மாதத்துப் பராமரிப்பு நாளில் திரும்பச் சோதித்தோம். வேண்டுமென்றே அதே அமைதியில். மூன்று பேர் காலிச் சத்தத்துக்கு அமுக்கினார்கள். மூன்று பேரும் இப்போது டாக்டரம்மாவிடம் போகிறார்கள். இன்று காலை, நான் கூப்பிடாமலே, பாக்கியம் அக்கா வந்து பாயில் உட்கார்ந்தாள். 'சரி, வை பாப்போம்' என்றாள். ஸ்பிரிட்டில் துடைத்து வைத்தேன். டிக் என்றது. மூன்று எண்ணுகிற நேரம். அமுக்கினாள். அது காலிச் சத்தம். அடுத்ததும் காலி, அதற்கும் அமுக்கினாள். அடுத்தது சத்தமில்லாமல் சூடு ஏறியது. சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அக்கா, உங்க காலுக்குத் தெரியல. காதுக்குத்தான் தெரியுது' என்றேன்.

 அவள் சேலையை விலக்கிவிட்டு, 'எப்படிட்டி கண்டுபிடிச்ச? உங்கம்மைதான் சொல்லிக் குடுத்தா எங்களுக்கு. டிக்குன்னா மூணு எண்ணுங்க, பிள்ளைக்கு நல்லா வரணும்னு' என்றாள்.

இதை நீ ஆஸ்பத்திரியில்கூட என்னிடம் சொல்லவில்லை. தெருவுக்கே பாடம் எடுத்திருக்கிறாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒத்தி வைத்துவிட்டு அவள் காலைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டு விரல் இடுக்கில் ஒரு புண். அவளுக்குத் தெரியாது. ரஹ்மத் ஆட்டோ பிடித்தாள். டாக்டரம்மா கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, நேரத்தோடு வந்துவிட்டீர்கள், கால் பிழைத்துவிடும் என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் பாக்கியம் அக்கா தானாகவே உள்ளே போய் அந்தச் சீட்டைக் கொண்டு வந்து என் கையில் வைத்தாள். கிழித்தேன். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது உன்னுடையது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துவிட்டேன். அதைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். டார்ச்சின் பின்மூடியைத் திருகினால், முன்னே பேட்டரிக் கட்டை இருந்த இடத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதற்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். எந்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாலும் கூடவே வரும். வைக்கும் முன்னால் திருத்தினேன். நார்மல் என்பதை அடித்துவிட்டு, என் கையெழுத்துக்கு மேலே, சரியான ரீடிங்கை எழுதினேன்.

பாத உணர்ச்சி: இல்லை. காது: நன்றாகக் கேட்கிறது.

அதனால், இவ்வளவு நேரம் நான் போட்ட சண்டைக்கு, 'ஆங்? என்னது?' என்று மட்டும் சொல்லாதே.